பிளாஸ்டிக் ஆல்டோ ரெக்கோடர் விளையாட்டுச் சாமான் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட வாசகர் பக்கத்துல கொஞ்ச நாளைக்கு முதல் ஒருத்தர் எழுதியிருந்தாங்க, பள்ளிக்கூடப் புள்ளைகள் பின்னேரத்துல ஊதுற ரெக்கோடர், அதான் நேராப் புடிச்சு நுனியில வாய் வச்சு ஊதுற குழல், அதுட சத்தத்துல தலையிடி வருது, அது ஒரு விளையாட்டுச் சாமான், அதுக்குப் பதிலா புள்ளைகளுக்கு கீபோர்ட் வாங்கிக் குடுங்க எண்டு. தலையிடி வந்தது உண்மையாத்தான் இருக்கும், நான் மறுக்கல்ல. ஆனா விளையாட்டுச் சாமான் எண்டு சொன்னதுக்கு பதில் சொல்லாம இருக்க ஏலாது, ஏனெண்டா இஞ்ச கீபோர்ட் வாங்க வசதியில்லாத வீட்டுப் புள்ளைகள்தான் அந்தக் குழலைக் கையில வச்சிருக்குதுகள், அதையும் கேலியா கதைச்சா அதுகள் மியூசிக்கையே விட்டுட்டுப் போயிடும்.

நான் ஆரையம்பதியில சனி ஞாயிறுல அக்கம்பக்கத்துப் புள்ளைகளுக்கு ரெக்கோடர் சொல்லிக்குடுக்கிறன். அதால தெரிஞ்சதைத்தான் எழுதுறன்.

முதல்ல அந்தக் கீச்சுச் சத்தம் எங்க இருந்து வருது எண்டு பார்ப்பம். ரெக்கோடர்ல பல அளவு இருக்கு. கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள தொங்குறது எல்லாமே சோப்ரானோ எண்ட சின்ன அளவு, சிலர் டெஸ்கண்ட் எண்டும் சொல்லுவாங்க, ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட நீளம். அதுட ஆகக் கீழ்ச் சத்தமே நடு சி-க்கு (பியானோவுல நடுவில வாற சி சுரம்) ஒரு ஸ்தாயி மேல இருக்கிற சி, அங்க இருந்துதான் ஆரம்பமே. அதுலயும் பேர் இல்லாத மலிவுச் சாமான் எண்டா ஓட்டைகள் சரியான இடத்துல இருக்காது, ஒரு சுரம் ஏறி நிக்கும் ஒரு சுரம் இறங்கி நிக்கும், அதைப் புள்ள மூச்சைப் புடிச்சு பலமா ஊதினா யாருக்குத்தான் தலை வலிக்காது. அதுக்கு அடுத்த பெரிய அளவான ஆல்டோ அப்பிடி இல்ல. டிரெபிள் எண்டு சொன்னாலும் அதுதான். ஒன்றரை அடிக்கு நீளம், எல்லா ஓட்டையும் மூடினா நடு சி-க்கு மேல வாற எஃப் கேட்கும், அது பொம்புளப் புள்ளைகள் சாதாரணமா பாடுற உயரம். சுவருக்கு அங்கால இருக்கிறவங்களையும் அது கரைச்சல் படுத்தாது.

இதை நான் புதுசா கண்டுபுடிச்சுச் சொல்லல்ல. ஹாண்டெல், டெலமான் எண்ட பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் ரெக்கோடருக்கு எழுதின சொனாட்டா எண்ட இசைப் படைப்புகள் ஆல்டோவுக்குத்தான், அவங்கட காலத்து பாக் 1721ல ஒப்படைச்ச பிராண்டன்பர்க் கச்சேரிகள் எண்ட இசைத் தொகுப்புல ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் வாற ரெக்கோடரும் ஆல்டோதான். பிறகு சத்தம் கூடின புல்லாங்குழல் வந்து இதை ஒதுக்கிப் போட்டுச்சு, இங்கிலாந்துல ஆர்னல்ட் டோல்மெட்ச் எண்டவர் 1919ல திரும்பச் செய்யத் தொடங்கினதுக்குப் பிறகுதான் உயிர் வந்தது. இப்ப ஜப்பான்ல சின்ன வகுப்புல சோப்ரானோ படிச்ச புள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் கையில எடுக்கிறது பிளாஸ்டிக் ஆல்டோ, அதனாலதான் நல்ல பிளாஸ்டிக் ரெக்கோடர் எல்லாம் ஜப்பான் கம்பனிகள்ட பேருல வருது.

வாங்க நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது, மரத்துல ஆசைப்படாதீங்க. மரம் அழகு, சத்தமும் வடிவு, ஆனா புதுசா வாங்கின மர ரெக்கோடரை முதல் கிழமைகள்ல ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் ஊதலாம், எண்ணெய் பூசணும், ஈரம் கூடினா உப்பும், காஞ்சா வெடிக்கும். வாவிப் பக்கத்துல இருக்கிற எங்களுக்கு மார்கழி மழைக்கு அலுமாரிக்குள்ள இருக்கிற உடுப்பே பூஞ்சணம் புடிக்குது, பிறகு ஆடி ஆவணியில கச்சான் காத்து எல்லாத்தையும் காய வச்சிடும். பிளாஸ்டிக்குக்கு இது ஒண்டும் இல்ல. இளஞ்சூட்டுத் தண்ணியில சோப் போட்டுக் கழுவி வச்சாச் சரி. (கொதிதண்ணி ஊத்தாதீங்க, வெயிலுக்க நிக்கிற வாகனத்துக்குள்ளயும் விட்டுட்டுப் போகாதீங்க.) விலையும் நல்ல கம்பனி பிளாஸ்டிக் ஆல்டோ ஒண்டு ஒரு சாதாரண கீபோர்ட் விலையில சின்னப் பங்குதான், கரண்டும் வேணாம் பெட்டரியும் வேணாம்.

எந்தக் கம்பனி எண்டு கேட்கிறவங்களுக்கு, யமஹாவுல வை.ஆர்.ஏ. 28பி ஆகக் குறைஞ்ச செலவு, ஊதுறதுக்கும் லேசு, 302பி கொஞ்சம் கூட விலை ஆனா மூச்சுக்கு ஒரு எதிர்ப்புக் குடுக்கும், அதனால சத்தம் உருண்டு வரும். ஔலோஸ் 509பி, ஜென்ஆன் கம்பனி பழைய லண்டன் கைவினைஞர் பிரெசான்ட கருவியைப் பார்த்துச் செய்யிற ஆல்டோ, இதுகளும் நம்பி வாங்கலாம், பெரிய ஆக்கள் கச்சேரிக்குப் படிக்கிறவங்ககூட இதுகளைப் பயிற்சிக்கு வச்சிருப்பாங்க. என்னைக் கேட்டா முதல் வாங்குறவங்களுக்கு 28பி போதும்.

ஒரு விசயம் மட்டும் கட்டாயம் பாருங்க. வாங்க முதல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, பெருவிரல் ஓட்டைக்குக் கிட்ட ஒரு எழுத்து இருக்கும், பி எண்டா பரோக், ஜி எண்டா ஜெர்மன், ரெண்டும் விரல் வைக்கிற முறைகள். ஜெர்மன் முறை 1920களில பீட்டர் ஹார்லன் எண்டவரால பரவினது, தொடக்கத்துல ஒரு சுரம் லேசா வரும், அந்த லேசுக்காக அதுக்குப் பக்கத்துச் சுரம் எல்லாம் கெட்டுப்போகும், கொஞ்சம் படிச்ச பிறகு திரும்பப் பரோக் வாங்க வேண்டி வரும், ரெட்டைச் செலவு. எழுத்து இல்லாட்டி வலது கை ஓட்டைகளைப் பாருங்க, சுட்டுவிரலுக்கு உள்ள ஓட்டையை விட நடுவிரலுக்கு உள்ள ஓட்டை சின்னனா இருந்தா அது ஜெர்மன், வைச்சிட்டு வாங்க. கீழ ரெண்டு இடத்துல ரெட்டை ஓட்டை, அதாவது பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சின்ன ஓட்டை, இருக்குதா எண்டும் பாருங்க, அது இல்லாட்டி கீழ் அரைச் சுரங்கள் ஒழுங்கா வராது.

சின்னப் புள்ளைகளுக்கு, பத்து வயசுக்குக் கீழ எண்டா, ஆல்டோ வேணாம். விரல் எட்டாது. சோப்ரானோவுல தொடங்கட்டும். வளர்ந்த புள்ளைகளுக்கும் பெரியாக்களுக்கும் நேரா ஆல்டோ சரி, அதுலயும் பெரியாக்கள்ட தடிச்ச விரலுக்கு சோப்ரானோ ஓட்டைகள் நெருக்கமா இருந்து கஷ்டப்படுத்தும். என்னட்ட வாற ஒரு புள்ள, பரதம் படிக்கிறவ, வலது சின்னவிரல் கடைசி ஓட்டைக்கு எட்டுதில்ல எண்டு அழுற அளவுக்கு வந்துட்டா, கீழ்த் துண்டைத் தனியாத் திருப்பலாம் எண்டது அவக்குத் தெரியா, கடையில வாங்கினபடி எல்லா ஓட்டையையும் ஒரே நேர்கோட்டுல வச்சிருந்தா. கீழ்த் துண்டைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி விட்டன், விரல் போய் அப்பிடியே உட்கார்ந்துச்சு. பெட்டிக்குள்ள ஒரு சின்னக் கிண்ணத்துல கிறீஸ் தருவாங்களே, அதை எறிஞ்சிடாதீங்க, மூட்டுகள்ல தொட்டுத் தடவினாத்தான் இப்பிடித் திருப்ப ஏலும்.

அந்தப் புள்ளட்ட இருந்து நானும் ஒண்டு கண்டன். ரெக்கோடர்ல ஒவ்வொரு சுரத்தையும் நாக்கு தொட்டுத்தான் தொடங்கணும், 'தூ' எண்டு சொல்ற மாதிரி. வேகம் கூடினா ஒரே 'தூ' பத்தாது, 'தக தக' எண்டு நாக்கு முன்னாலயும் பின்னாலயும் மாறி மாறி அடிக்கணும். வெளிநாட்டுப் புள்ளைகள் மாசக்கணக்கா இதைப் பழகுவாங்க. எங்கட புள்ளைகள் பரதத்துல தாளத்துக்குச் சொல்ற சொல்கட்டு சொல்லிச் சொல்லியே வளருதுகள், 'தகதிமி தகஜொணு' சத்தம் வராம மூச்சுல சொல்லு எண்டு மட்டும்தான் சொன்னன், அதே நேரம் ஊதிக் காட்டிட்டா.

மூச்சுதான் முக்கியம், இதுலதான் கனபேர் பிழைக்கிறாங்க. கண்ணாடியில ஆவி புடிக்க ஊதுற அளவுக்கு சூடா மெதுவா விட்டாப் போதும், கீழ்ச் சுரங்களுக்கு அதுவும் கூட. பலமா ஊதினா சுருதி ஏறும், இன்னும் பலமா ஊதினா மேல் ஸ்தாயிக்குத் தாவிக் கத்தும். மேல் ஸ்தாயி வேணுமெண்டா மூச்சைக் கூட்டுறதை விட பின்பக்கப் பெருவிரலை மடக்கி நகத்தால ஓட்டையில ஒரு மெல்லிசு இடைவெளி விடணும், விரலைத் தூக்கக் கூடாது. இன்னொண்டு, பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாது, அதனால ஊதிக்கொண்டு போக மூச்சுப் போற பாதைக்குள்ள தண்ணித் துளி சேர்ந்து சத்தம் அடைக்கும். வாய்க்குக் கீழ சன்னல் மாதிரி வெட்டியிருக்கிற ஓட்டையை விரலால மூடிக்கொண்டு ஒரு ஊது ஊதினா போயிடும். திரும்பத் திரும்ப அடைச்சா பாத்திரம் கழுவுற சோப்புத் திரவத்தைத் தண்ணியில கலந்து பாதைக்குள்ள ஒரு சொட்டு விட்டுக் காய விடுங்க. ஊசி, ஈக்கில் ஒண்டும் உள்ள குத்தக் கூடாது.

பள்ளிக்கூடத்துல கர்நாடக சங்கீதம் படிக்கிற புள்ளைகளுக்கு இது வெள்ளக்காரன்ட வாத்தியம் எண்டு வீட்டுல தடுக்கிறாங்களாம். வயலினும் அப்பிடி வந்ததுதான், முத்துசுவாமி தீட்சிதர்ட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கையில எடுத்த பிறகு இப்ப வயலின் இல்லாம கச்சேரி உண்டா? காரைதீவுல பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படிச்சவர், சுருதிக் கணக்கைப் போட்டுப் போட்டுத்தான் 1947ல பழைய தமிழிசையைப் பற்றின யாழ் நூலைத் தந்தவர், அந்த மண்ணுல இருந்துகொண்டு நாங்க ஒரு குழலை அந்நியம் எண்டு ஒதுக்கலாமா. புல்லாங்குழல் மாதிரி உதட்டை அசைச்சுக் கமகம் குடுக்க இதுல ஏலாது, அது உண்மை, விரலை வழுக்கித்தான் கொஞ்சம் கொண்டுவரலாம். ஆனா சுரம் சுத்தமா பழகுறதுக்கு மிச்சம் நல்லது. ஆல்டோட எஃப் எங்கட சுருதிக் கணக்குல நாலு கட்டை. எல்லா ஓட்டையும் மூடினா ஷட்ஜம், சின்னவிரலைத் தூக்கினா ரிஷபம், மோதிரவிரலையும் தூக்கினா காந்தாரம், வலது கை முழுக்கத் தூக்கினா பஞ்சமம், இடது மோதிரவிரலும் போனா தைவதம். மோகன ராகம் வந்தாச்சு. நடுவுல ஒரு ஓட்டையைத் திறந்து அதுக்குக் கீழ மூடுற குறுக்கு விரல் போட்டுத் தவிக்க வைக்கிற மத்தியமம் அந்த ராகத்துலயே இல்ல, அதனால தொடக்கப் புள்ளைக்கு முதல் மாசமே ஒரு ராகம் கையில இருக்கும். போன்ல சுருதிப் பெட்டியை நாலு கட்டையில வச்சு ஊதச் சொல்லுங்க, சுருதி சேர்ற நேரம் புள்ளட முகத்தைப் பாருங்க.

சோப்ரானோ ஏற்கனவே படிச்ச புள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வரும். விரல் ஒண்டுதான், சத்தம் வேற. இடது கை மூண்டு விரலும் பெருவிரலும் வச்சா சோப்ரானோவுல ஜி, ஆல்டோவுல சி. ஆல்டோவுக்கு எண்டே எழுதின தொடக்கப் புத்தகத்துல முதல் பக்கத்துல இருந்து படிக்கணும், சோப்ரானோ நினைப்புல மனசுக்குள்ள மாத்தி மாத்திப் பார்த்தா கடைசி வரைக்கும் தடுமாறும்.

மட்டக்களப்பு, கல்முனை வாத்தியக் கடைக்காரர் ஆக்களிட்ட ஒரு வேண்டுகோள், சோப்ரானோவோட சேர்த்து கொழும்புல இருந்து ரெண்டு மூண்டு பரோக் ஆல்டோவும் எடுத்து வைங்க, கேட்டு வந்து இல்லையெண்டு திரும்பிப் போறவங்க இருக்காங்க. ஆசிரியர் அவர்களே, உங்களிட்டயும் ஒண்டு கேட்கிறன். மாணவர் பக்கத்துல ஒரு நாளைக்கு விரல் வைக்கிற படம் ஒண்டு போடுங்க, அரைப் பக்கம் போதும், வெட்டி எடுத்துச் சுவருல ஒட்டிப் புள்ளைகள் பார்த்து ஊதட்டும். போடுற நேரம் அது ஆல்டோ பரோக் படம்தானா எண்டு ஒரு மியூசிக் ரீச்சரிட்டக் காட்டிட்டுப் போடுங்க, சோப்ரானோ படம் வந்துட்டா எல்லாச் சுரமும் மாறிப்போகும்.

இப்படிக்கு,
ஆரையம்பதி வாசகி