பழைய தூண்களை முதலில் தட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் உள்ள பார்வையாளர் கூடங்களை மரத்தைக் கொண்டு புதுப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கான்கிரீட்டை விட்டு மரத்துக்கு வருவதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் எங்கே வாங்குவது, எந்தச் சான்றிதழைக் கேட்பது என்று கட்டுரை முழுக்கப் புது மரத்தின் பேச்சாகவே இருக்கிறது. இத்தனை காலமாக அந்தக் கூரையைத் தாங்கி நிற்கும் மரம் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி இல்லை.

முப்பது ஆண்டுகள் மரவேலை மேற்பார்வையில் இருந்தவன் நான். காட்டோரக் கூடம் ஒன்றைப் புதுப்பித்தபோது, தூண்களின் அடி உளுத்துவிட்டது என்று எல்லாவற்றையும் பிடுங்கி லாரியில் ஏற்றினார்கள். ஏற்றுமுன் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு முழம்தான் பொத்தென்றது. அதற்கு மேல் கணீரென்ற ஓசை. வைரம் பாய்ந்த மரம் அத்தனையும் விறகுக்குப் போயிற்று. தடுக்க எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. இன்றும் அது மனத்தை அறுக்கிறது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். 100 கிலோ எடையுள்ள தூண் ஒன்று, மரமாக வளர்ந்த காலத்தில் காற்றிலிருந்து எடுத்த சுமார் 180 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான கரிமத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. விறகாக எரித்தால் எல்லாம் காற்றுக்கே திரும்பிவிடும். அந்த இடத்தை நிரப்ப இன்னொரு மரத்தை வெட்டி, அறுத்து, உலர்த்தி, காட்டுப் பாதையில் லாரியில் கொண்டுவர வேண்டும்.

அந்தத் தூண்கள் உளுத்ததற்குக் காரணம் வயதல்ல. அடியைக் கான்கிரீட்டில் புதைத்திருந்தார்கள். மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும். புதைந்த இடத்தில் அது காய வழியில்லை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சை தலைகாட்டாது. ஆகவே கெட்ட அடியை மட்டும் அறுத்தெடுத்து, அதே இன மரத்தைச் சாய்வாக ஒட்டுப்போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்த கல்லின் மேல் நிறுத்தியிருந்தால் போதும். இறவாரத்தைக் கொஞ்சம் நீட்டினால் சாரலும் தூணைத் தொடாது. நல்ல தச்சர்கள் எல்லோரும் அறிந்த வேலைதான் இது.

ஈரத்தை இப்படித் தள்ளி வைத்தால் ரசாயனத்தின் தேவையும் குறையும். காட்டில் இது பெரிய விஷயம். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த கரைசல் ஏற்றிய மரம் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஆர்செனிக் மழையில் சிறிது சிறிதாகக் கசிந்து மண்ணில் சேரும். அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்கு அத்தகைய மரத்தைத் தயாரிப்பதை 2003 இறுதியோடு கைவிட்டார்கள். பழைய கட்டடத்தில் இந்த மரம் இருக்கிறதா என்று அறுக்கும் முன்பே சோதிக்க வேண்டும். இருந்தால் எரிக்கவும் கூடாது, தூளைக் காட்டில் சிந்தவும் கூடாது. போரான் உப்புகள் தீங்கு குறைந்தவை. ஆனால் மழையில் கரைந்துபோகும் என்பதால் கூரைக்குள் நனையாத மரத்துக்கே உதவும்.

புது மரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டிய இடத்தில் சான்றிதழ் பார்த்தே வாங்க வேண்டும். ஆனால் 1993 முதல் உள்ள எஃப்.எஸ்.சி. என்ற பன்னாட்டு வனப் பராமரிப்பு அமைப்பின் சான்றிதழ் போன்றது, மரம் வந்த காடு பொறுப்போடு பேணப்படுகிறது என்பதற்குத்தான் சாட்சி. அந்த மரம் இந்தக் கட்டடத்துக்குத் தேவைதானா என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

எனவே ஒப்பந்தம் கோருமுன் ஒவ்வொரு தூணையும் உத்தரத்தையும் கைமரத்தையும் தட்டி, உளியால் குத்திப் பார்த்து, ஈரமானியால் அளந்து பட்டியல் போட வேண்டும். கூரையில் வௌவாலோ பறவையோ குஞ்சு வைத்திருக்கிறதா என்பதையும் அதிலேயே குறிக்கலாம். வேலை தொடங்கும் மாதத்தை அதை வைத்து முடிவுசெய்யலாம். பட்டியலில் கெட்டது என்று குறித்த மரத்தைத் தவிர வேறெதையும் கழற்றக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இத்தகைய கட்டடங்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, எத்தனை பழைய மரங்கள் அதே இடத்தில் நிற்கின்றன என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலை மேற்பார்வையாளர்