திரையைப் பகிர்ந்து காட்டிய அக்காவுக்கு

ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்கள் படித்துக் கமென்ட் போடும் கோடு ரிவ்யூ கருவியில் ப்ராடக்ட் மேனேஜராக இருக்கிறேன். ரீபேஸ் செய்து, அதாவது மாற்றங்களை வேறொரு அடித்தளத்தின் மேல் திரும்ப அடுக்கி, மறுபடி புஷ் பண்ணினால் (சர்வருக்கு அனுப்பினால்) பழைய கமென்ட்டுகள் இடம் தெரியாமல் போகின்றன என்று புகார் வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பிடிபடவேயில்லை. அரை மணி நேரம்தான் கேட்டேன் அக்கா. நீங்கள் இரண்டு மணி நேரம் திரையைப் பகிர்ந்து, ரீபேஸ் ஆன கமிட்டுகளுக்கு (சேமித்த மாற்றங்களுக்கு) ஹாஷ் எனும் அடையாளக் குறி புதிதாக வருவதையும், பழைய ஹாஷைப் பிடித்திருந்த கமென்ட் அனாதையாவதையும் பொறுமையாகக் காட்டினீர்கள். 14 கமென்ட்டுகளை நோட்டில் கையால் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்திருந்தீர்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது.

நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் மென்பொருளில் 2018-ல், 2.19 பதிப்பில் வந்த, ரீபேஸுக்கு முந்தைய கமிட்டுகளையும் பிந்தையவற்றையும் ஒப்பிடும் ரேஞ்ச்-டிஃப் கட்டளையைப் பாருங்கள் என்றதும் நீங்கள்தான். அதை வைத்தே இரண்டு பதிப்புகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிடும் திரையைக் கட்டினோம். இந்த வாரம் வெளியாகிவிட்டது. ரொம்ப நன்றி அக்கா, முதலில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.