கடற்கரையில் இருக்கும் கல்லூரி அங்கேயே இருக்கட்டும்

சென்னை, ஏப்ரல் 2003

மாண்புமிகு தமிழக முதலமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய தலைமைச் செயலகம் கட்டுவதற்காக ராணி மேரி கல்லூரியை இடித்துவிட்டு மாணவியரை வேறிடத்துக்கு மாற்றும் முடிவை அருள்கூர்ந்து கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். கோட்டையில் இட நெருக்கடி இருப்பதை நான் மறுக்கவில்லை. அந்த நெருக்கடிக்கு விலையாகப் பெண்களின் கல்லூரியைக் கேட்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

1914 ஜூலையில், முன்பு ஓட்டலாக இருந்த கேப்பர் இல்லத்தில், டொரத்தி டி லா ஹே அம்மையாரை முதல்வராகக் கொண்டு இக்கல்லூரி தொடங்கியது தாங்கள் அறியாததன்று. ஓராண்டில் பென்ட்லண்ட் இல்லமும், பின்னர் ஸ்டோன் இல்லமும், 1921இல் ஜெய்ப்பூர் இல்லமும் எழுந்தன. இவற்றைக் கட்டியவர்கள் வகுப்பறையோடு விடுதியையும் சேர்த்தே நினைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில் வெளியூர்ப் பெண்ணுக்குத் தங்க இடம் தராத கல்லூரி, அவளைப் பொறுத்தவரை இல்லாத கல்லூரிதான். தலசேரியிலிருந்து வந்து இங்கே படித்த ஜானகி அம்மாள், பிற்காலத்தில் கோவையில் கரும்பு ஆய்வில் பெயர் பெற்ற தாவரவியல் அறிஞரானார்.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. சேர்க்கை நாளில் செய்யாற்றிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ மகளை அழைத்து வரும் தந்தை, துறைகளின் பெயர்ப் பலகைகளைப் படிப்பதில்லை. விடுதி வாசலில் நின்று இரவில் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், காவலாளி யார், உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் சொல்வது என்று கேட்கிறார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா சம்மதிப்பாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெண்கள் மட்டும் படிக்கும் அரசுக் கல்லூரி, கட்டக்கூடிய கட்டணம், வளாகத்துக்குள்ளேயே விடுதி, எதிரே பேருந்து நிறுத்தம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் அவர் தலையசைக்கிறார். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெண் வீட்டோடு நின்றுவிடுவாள். இப்படி நின்றுபோகிறவர்களின் எண்ணிக்கை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

கட்டடங்கள் பழுதடைந்துவிட்டன என்று சொல்லப்படுகிறது. உண்மைதான், ஆனால் அவற்றைப் பராமரிக்க வேண்டியதும் அரசுதானே? கவனிக்காமல் விட்டுவிட்டு, கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று இடிப்பது நல்ல ஏற்பாடு. கடற்காற்று பட்டால்தான் கோப்புகள் விரைந்து நகரும் என்று யாராவது ஆலோசனை கூறியிருந்தால், கோட்டையும் கடலோரத்தில்தானே இத்தனை காலம் இருந்தது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். இந்த நகரத்தில் எதைக் கட்ட வேண்டுமானாலும் பள்ளி, மைதானம், நூலகம் இவற்றின் மீதுதான் முதலில் கண் விழுகிறது. எதிர்க்க வலுவுள்ளவர்களின் நிலத்தின் மீது விழுவதேயில்லை. இம்முறை அந்தக் கணக்கு தப்பிவிட்டதை வளாகத்துக்குள் அமர்ந்து போராடும் மாணவியர் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. 1992இல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கியவர் தாங்கள். தங்களுக்கென்று ஓரிடம் இருந்தால்தான் பெண்கள் வாய் திறந்து பேசுவார்கள் என்ற நம்பிக்கையில் பிறந்த திட்டம் அது. அந்த நம்பிக்கையோடு 1914இலேயே தொடங்கப்பட்ட கல்லூரி தங்கள் ஆட்சியில் இடிபடுவதை எப்படிப் புரிந்துகொள்வது?

தலைமைச் செயலகத்துக்கு வேறு நிலம் பார்க்க அரசால் முடியும். இந்த மாணவியருக்கோ இப்படி இன்னோரிடம் இல்லை. ஆகவே ராணி மேரி கல்லூரியை இடிக்கும் முடிவைத் திரும்பப் பெற்று, அந்த அறிவிப்பைத் தேர்வுகளுக்கு முன்பே வெளியிட்டு, பழைய இல்லங்களைச் செப்பனிட நிதி ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் மாணவி ஒருத்தி