அக்காவின் தோடும் ஆயிரம் ரூபாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் 26 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாய்தாவுக்கு நிற்பதும் நகல் மனு போடுவதுமாகவே காலம் போனது. ஆனாலும் பொய் வழக்கு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எனக்கு உறைத்தது 2016இல், என் அக்கா மகன் கைதானபோதுதான்.

அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு குடும்பம் வீடு மாறியபோது சாமான் ஏற்றி இறக்கிக் கொடுத்தான். அன்று இரவே அந்த வீட்டம்மா ஐந்து பவுன் செயினைக் காணோம் என்று புகார் கொடுத்தார். அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை; வெளியாள் இவன் ஒருவன்தான். மூன்றாம் நாள் அரெஸ்ட் காட்டினார்கள். 'திருடி விற்றுவிட்டேன்' என்ற வாக்குமூலத்தில் இவன் கையெழுத்து இருந்தது.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாதே என்று கேட்பீர்கள். செல்லாதுதான். ஆனால் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கைப்பற்றினால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அது 23ஆம் பிரிவில் இருக்கிறது. அதனால்தான் 'ரெக்கவரி', அதாவது கைப்பற்றிய பொருள், இல்லாமல் கேஸ் நிற்காது. திருடாதவன் ரெக்கவரிக்கு எங்கே போவான்? "ஒரு பவுனாவது கொண்டு வாம்மா, பையன் மேல கை வைக்காம அனுப்பிடுறோம்" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். பெற்ற வயிறு, யாரையும் கேட்கவில்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அப்புறம், பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் மகஜரின் நகலை நானே வாங்கிப் பார்த்தேன். 'எதிரி அடையாளம் காட்டிய இடத்தில் கைப்பற்றிய உருக்கிய தங்கக் கட்டி ஒன்று, எடை சுமார் எட்டு கிராம்.' கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. அதில் ஒருவர் பெயரை எங்கள் ஆபீஸ் கட்டுகளில் வேறு வேறு வழக்குகளில் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன்.

செயின் புகார் கொடுத்தவர் வீட்டிலேயே கிடைத்தது. குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோன பையில், ஒரு புடவை மடிப்புக்குள் இருந்திருக்கிறது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் பையன் உள்ளே இருந்தான். அவர்கள் சந்தேகப்பட்டதைக்கூட மறந்துவிடுவேன், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவன் உள்ளே இருந்தது மொத்தம் 33 நாள்.

வழக்கை 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', அதாவது தவறான தகவலால் வந்த வழக்கு, என்று முடித்தார்கள். அந்த நோட்டீஸ் புகார் கொடுத்தவருக்குத்தான் போனது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களாக நகல் போட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அக்காவின் தங்கமோ கோர்ட்டில், புகார்தாரரின் சொத்து என்ற பெயரில் கிடந்தது! அதைத் திரும்ப வாங்க மனு மேல் மனுவாக 14 மாதம் அலைந்தேன். கடைசியில் அரக்கு முத்திரை வைத்த ஒரு சின்னத் துணிப்பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்கள். பிரித்தால் கோணலாக ஒரு கட்டி. அக்கா அதைத் திரும்பத் தோடாக அடிக்கவே இல்லை.

செயின் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். கிடைக்காமல் போயிருந்தால் அந்த மகஜரும் அந்தக் கட்டியுமே அவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்திருக்கும். அந்த அதிர்ஷ்டம் இல்லாதவர்கள் கதை நமக்குத் தெரியாததா? தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் 2011இல் நடந்த இரட்டைக் கொலையில் ஒருவருக்கு 2018இல் தூக்கு விதித்தார்கள். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகள் யார் கையில், எங்கே, எத்தனை நாள் இருந்தன என்பதற்கே சரியான கணக்கு இல்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு கொலை வழக்கில் மாட்டிய நாடோடிச் சமூகத்து ஆறு பேரின் கதை இன்னும் கொடுமை. பாதிக்கப்பட்ட பெண் போலீஸ் ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார், அது மறைக்கப்பட்டது. 2009இல் ஆறு பேருக்கும் தூக்கு என்று சொன்ன உச்ச நீதிமன்றமே 2019 மார்ச்சில் விடுதலை செய்து, ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. பதினாறு ஆண்டுச் சிறைக்கு 5 லட்சம்.

அதுவும் சட்டப்படி உரிமை என்று கிடைத்ததல்ல, அந்த நீதிபதிகள் மனது வைத்ததால் கிடைத்தது. காரணமில்லாமல் கைது செய்ய வைத்தால் மாஜிஸ்திரேட் வாங்கித் தரக்கூடிய நஷ்டஈடு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 399ஆம் பிரிவுப்படி அதிகபட்சம் 1,000 ரூபாய். 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரும் வரை அது 100 ரூபாயாக இருந்தது. பொய்யாக மாட்டிவிடப்பட்டவர்களுக்குத் தனி நீதிமன்றம், நஷ்டஈடு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டிலேயே தன் 277ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டது. தேனி வழக்கிலும் உச்ச நீதிமன்றம், நஷ்டஈட்டைச் சட்டம் இயற்றும் அவைகள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. நம் எம்.பி.க்கள் ஒருவராவது தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரட்டும்.

பொய்ப் புகார் என்று கூச்சல் போட்டு, நிஜமாகவே பாதிக்கப்பட்டவர்களை மிரட்ட இதை எழுதவில்லை. ஸ்டேஷன் படியேறவே பயப்படுகிற பெண்கள் எத்தனையோ பேர். நான் கேட்பது, புகாரை வாங்கிக்கொண்டு ஒழுங்காக விசாரியுங்கள் என்பதுதான்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். என் மருமகன் கைதானபோது ஒரு பத்திரிகை போட்டோவோடு 'செயின் திருடன் சிக்கினான்' என்று போட்டது. வழக்கு முடிந்தபோது ஒரு வரி இல்லை. இன்றும் பெண் வீட்டார் வந்தால், அக்கா வழக்கு முடிந்த உத்தரவின் லேமினேஷன் செய்த நகலைப் பீரோவிலிருந்து எடுத்து வந்து காட்டுகிறாள். கைது செய்தியை எந்தப் பக்கத்தில், எந்த அளவில் போடுகிறீர்களோ, விடுதலையையும் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா,
மதுரை.