இஸ்திரிக்காரத் தம்பிக்கும் எங்கள் தெருவுக்கும்

குண்டு உப்பலவாடியில் என்னோடு குடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும்,

தென்பெண்ணை ஆறு ஊருக்குள் வந்த இரவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லார் வீட்டுச் சுவரிலும் அந்தச் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. 84 வயதில் நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அது உங்களால்தான்.

முதுகில் சுமந்து என்னை மாடியேற்றிய எதிர்வீட்டுப் பிள்ளைகள், நாலு நாள் தங்கள் கட்டிலையே எனக்கு விட்டுத்தந்த மாடிவீட்டு அம்மா, படகில் பாலும் ரொட்டியும் கொண்டுவந்த கல்லூரிப் பெடியள், தண்ணீர் வடிந்ததும் கேட்காமலே துடைப்பத்தோடு வந்து வீட்டைக் கழுவிவிட்ட பெண்கள், கனடாவிலிருந்து இரவிரவாகப் போன் எடுத்த என் பழைய மாணவர்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வீடு வீடாக வந்து சொல்லத்தான் ஆசை. முழங்கால் விடவில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூட எழுத வேண்டும். முக்குக்கடை ஓரம் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் தம்பி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என் தகரப் பெட்டி இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. திறந்தபோது நியமனக் கடிதம், பென்சன் கடிதங்கள், மணிபர்சில் இருந்த தங்கச்சியின் படம், எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தன. பென்சன் காகிதம் போனால் போகட்டும், திணைக்களத்தில் பிரதி இருக்கும். அதற்கடியில் ஒரு கொப்பி, நீங்கள் நோட்டு என்பீர்களே அது, இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை. வாசலில் கிடந்த சேற்றுக் குப்பையோடு நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

அது 1995ஆம் ஆண்டு வகுப்பு இடாப்பு, பிள்ளைகளின் வருகைப் பதிவேடு. அந்த ஒக்டோபர் 30 இரவு, சண்டையால், யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் பக்கத்துத் தென்மராட்சிக்கு நடந்தது. ஏறக்குறைய 5 லட்சம் பேர் என்று பிறகு எழுதினார்கள். அன்றும் மழைதான். கொஞ்ச நாளில், தென்மராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் எங்கள் பிள்ளைகள் என்று வகுப்புத் தொடங்கினோம். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது, கொஞ்சம் எண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. அச்சடித்த இடாப்புக்கு எங்கே போவது? ஒரு கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி 43 பெயர்கள் எழுதினேன். பிறகு போன இடமெல்லாம் சொப்பின் பையில் சுற்றி அதைக் கொண்டு திரிந்தேன். 2006இல் கடல் தாண்டி இங்கே வரும்போதும் மடியில் இருந்தது.

தம்பி அன்று என் சேலைகளைப் பற்றிச் சொல்ல வந்தவர். அவருடைய வண்டியில் இருந்ததால் அவை தப்பியிருந்தன. குப்பை மேட்டில் கொப்பியைப் பார்த்துக் குனிந்து எடுத்தார். "டீச்சரம்மா, இதுல பேருங்க இருக்கு. தூக்கிப் போட்றாதீங்க, காய வெச்சுப் பாக்கறேன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வேலை முடித்து, இரவு ஏழு மணிக்குமேல் ஒவ்வொரு தாளாக எடுத்தார். தென்னை ஈர்க்கை நுழைத்து, மூச்சுக்கூட விடாமல், ஒட்டிய தாள்களைப் பிரிப்பார். பழைய வேட்டியைக் கிழித்து மேலும் கீழும் வைப்பார். கரிப்பெட்டியின் சூட்டை முதலில் தன் புறங்கையில் பார்த்துவிட்டுத்தான் தாளின் மேல் வைப்பார், அழுத்தாமல், தொட்டுத் தொட்டு. ஆவி எழும்பும்போது ஆற்றுச் சேற்று வாசமும் கரி வாசமும் சேர்ந்து வரும். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பேன்.

வரவு போட்டது ஊற்றுப்பேனாவால். அந்த மை முழுக்கக் கரைந்து தாள் இளநீலமாகிவிட்டது. பெயர்கள் குமிழ்முனைப் பேனாவால் எழுதியவை. 43ம் இருக்கின்றன. யார் வந்தார், யார் வரவில்லை என்பதுதான் இப்போது இல்லை.

தாள் காயக் காயத் தம்பி ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். "இவங்க இப்ப எங்க டீச்சரம்மா?" என்று கேட்பார். டொரன்டோ என்பேன், லண்டன் என்பேன், யாழ்ப்பாணத்திலேயே ரீச்சராக இருக்கிறாள் என்பேன். சில பெயருக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அவர் திரும்பக் கேட்க மாட்டார். வேட்டித் துண்டைச் சரிசெய்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

எனக்கு அறுபது வயதானது 2000 மே மாதம். ஆனையிறவுச் சண்டை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சனம் திரும்பவும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஆசிரியர் ஓய்வு பெற்றால் சேவைநயப்பு விழா வைப்பார்கள், மாலை போடுவார்கள், மலர் வெளியிடுவார்கள். எனக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போனேன், கணிதம் படிப்பிக்க வேறு ஆள் இல்லை என்பதால். என்னைப் போல் எத்தனையோ பேர் அப்படித்தான் போனார்கள். இளம் ஆசிரியர்கள் வெளிநாடு போய்விட்டார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். ஆறு வருடம் சம்பளமில்லாமல் படிப்பித்தேன். அதற்கு நன்றி சொல்ல யாரும் மிஞ்சவில்லை என்று ஒரு வருத்தம் உள்ளே கிடந்தது, இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறேன். அந்த வண்டியின் மங்கிய பல்பு வெளிச்சத்தில், முன்பின் அறியாத ஒரு மனிதர் என் பிள்ளைகளின் பெயரைச் சத்தமாக வாசித்தாரே, அன்றைக்கு அந்த வருத்தம் போய்விட்டது.

காசு கொடுத்தேன். "புள்ளைங்க பேரு இருக்கற நோட்டு" என்று கையை இழுத்துக்கொண்டார். அவருக்கும் மூன்று நாள் பிழைப்பு வெள்ளத்தில்தான் போனது.

அதனால் ஒன்று சொல்கிறேன், தெரு முழுக்கக் கேட்கட்டும். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு. அவளைப் போல் புத்தகம் வெள்ளத்தில் போன பிள்ளைகள் இங்கே பலர். தை பிறந்ததும் தினம் மாலை ஐந்து மணிக்கு என் வாசலுக்கு அனுப்புங்கள். கணக்கு நான் சொல்லித் தருகிறேன், பரீட்சை வரைக்கும். கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

கொப்பியில் மூன்று தாள் இன்னும் காயவில்லை. நாளை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் தெரு ரீச்சர்
கடலூர், டிசம்பர் 2024