நீலனின் வாலைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள தையற்கடை அண்ணாச்சிக்கும், மாடி வீட்டு டீச்சர் அம்மாவுக்கும், பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த மீன்வளக் கல்லூரித் தங்கைக்கும், கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைப் பெரியவருக்கும்,

வணக்கம். பெயரைப் போட்டு எழுதினால் உங்களில் மூவர் கோபித்துக்கொள்வீர்கள், நான்காமவர் ஒரு மாதம் பேசமாட்டார். ஆகவே பெயர் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று நம் வில்லிவாக்கம் தெருவுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு மீன் நீலனுக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் யாருக்குமே முழுக் கதையும் தெரியாது. ஆளுக்கொரு துண்டைத்தான் பார்த்தீர்கள்.

கார்த்திகைக் கடைசியில் மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு ஃபைட்டர் மீன் வாங்கினேன். கருநீலம். வாலை விரித்தால் சரியாக அரைவட்டம். அதற்கு அவள் வைத்த பெயர் நீலன். தாய்லாந்து 2019-இல் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்த மீன் இது என்று பிறகுதான் படித்தேன். நான் வாங்கியபோது அந்தத் தேசியப் பெருமை காபி டம்ளர் அளவு பிளாஸ்டிக் கோப்பையில் திரும்பக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. “இது மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், சின்னக் கிண்ணமே போதும்” என்றார் விற்றவர். காற்றைக் குடிக்கும் என்பது உண்மை. கிண்ணம் போதும் என்பது அந்த உண்மையின் முதுகில் ஏறி வந்த பொய். காற்றிலிருந்து மூச்சு எடுத்தாலும் அது தன் கழிவிலேயேதான் நீந்த வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

நான்கு லிட்டர் கண்ணாடிக் கிண்ணம், அழகுக்கு ஒரு பிளாஸ்டிக் செடி. கிண்ணத்தை வைத்த இடம் நிலைக்கண்ணாடி மேசை. தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து நீலன் செவுளை விரித்துச் சிலிர்ப்பதைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அழைத்துக் காட்டினோம். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் காலையில் பார்த்தால் வாலில் கால்வாசியைக் காணோம். துடுப்பு அழுகல் என்று நானே முடிவு கட்டினேன். யாரோ சொன்னார்கள் என்று டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துக் கொட்டினேன். தண்ணீர் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகியது. மீன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று நாள் இப்படி.

அண்ணாச்சி, நீங்கள் மகளின் பாவாடைக்கு அளவெடுக்க வந்தது அப்போதுதான். கழுத்தில் நாடா, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி. அளவெடுப்பதை விட்டுவிட்டுக் கிண்ணத்தின் முன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு சொன்னதை அன்றிரவே எழுதி வைத்துக்கொண்டேன். “இந்த இரண்டு கீறலும் இழைபோக்கில் நேராகக் கிழிந்திருக்கின்றன, எதிலோ மாட்டி இழுத்திருக்கிறது. இந்த இடத்தில் கிண்ணி வைத்து வெட்டியதுபோல அரைவட்டமாகப் போயிருக்கிறது. இது எலி கடித்த துணி. கீழ் ஓரம் மட்டும்தான் பழுப்பாகி நைந்து பிசிர் விட்டிருக்கிறது. மக்கின துணி அதுதான். மூன்றும் மூன்று சங்கதி. நீங்கள் ஒரே மருந்தைப் போடுகிறீர்கள்.”

அதோடு விட்டீர்களா? கடைக்குப் போய் ஒரு ஜார்ஜெட் துண்டைக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் செடியை வெளியே எடுத்து, இலை இலையாக அதன்மேல் துணியை இழுத்துக் காட்டினீர்கள். நான்கு இடத்தில் இழை பிடித்துக்கொண்டது. விரலால் தடவியபோது மழுமழுவென்றுதான் இருந்தது. மீனின் துடுப்பு ஜார்ஜெட்டைவிட மெல்லியது என்று அன்று எனக்குப் புரிந்தது. செடி அந்த நிமிடமே குப்பைக்குப் போயிற்று.

எலி கடித்த துணி என்றீர்களே, அதில்தான் குழம்பினேன். கிண்ணத்தில் வேறு மீனே இல்லை. அந்த முடிச்சை அவிழ்த்தது தங்கைதான். “அது தன் வாலைத் தானே கடிக்கும் அண்ணா. கனமான வாலும், ஓயாத கலவரமும் சேர்ந்தால் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, நிலைக்கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தாய். நான் எதுவும் பேசாமல் கிண்ணத்தைத் தூக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன்.

நீ உடனே மருந்து சொல்லுவாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ கேப்சூலை நிறுத்தச் சொன்னாய், தண்ணீரை மாற்றச் சொன்னாய், மூன்று நாள் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்திலிருந்து, பின்னால் வெள்ளைத்தாள் வைத்துப் படம் எடுக்கச் சொன்னாய். கடித்த இடம் ஒரே இரவில் காணாமல் போகும், பிறகு அப்படியே நிற்கும். அழுகல் நாளுக்கு நாள் உள்ளே நகரும், ஓரம் கறுக்கும் அல்லது சிவக்கும் என்றாய். படங்களை அடுக்கிப் பார்த்தபோது அரைவட்டம் அசையவில்லை. கீழ் ஓரம் மட்டும் ஒரு நெல் அகலம் மேலே ஏறியிருந்தது. கிழிந்த புண், அழுக்குத் தண்ணீரில் அழுகத் தொடங்கியிருக்கிறது. அழுகல் உடம்பை ஒட்டிய அடிப்பகுதிவரை போய்விட்டால் துடுப்பு திரும்ப முளைப்பது சந்தேகம் என்றும் சொன்னாய். அதை மகள் எதிரில் சொல்லாமல் வாசலில் நின்று சொன்னதற்குத் தனியாக ஒரு நன்றி.

உன் சோதனைப் பெட்டியிலிருந்து சொட்டு விட்டாயே, மீனின் கழிவிலிருந்து சேரும் அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டிய சோதனைக் குழாய் கரும்பச்சையாக மாறியது. கிண்ணம் பளிங்குபோலத் தெளிவாக இருந்த நாள் அது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதன் நிறம் பச்சை என்று அன்றுதான் பார்த்தேன்.

டீச்சர் அம்மா, முப்பது வருடம் வேதியியல் நடத்தியவர் மாடியில் இருக்க, நான் மருந்துக்கடைக்கு ஓடியிருக்கிறேன். நம் போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும், மருந்தின் வேலை பாதியாகிவிடும் என்று சொன்னீர்கள். காரத்தன்மை கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் ஏறும் என்றும் சொன்னீர்கள். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்க மீன் கடையில் விற்கும் கற்கள், அந்தக் காலத்தில் போட்டோ கழுவப் பயன்பட்ட ஹைப்போதான் என்று கேட்டு என் மனைவியே வியந்துபோனாள். பாடம் கொஞ்சம் நீண்டது, உண்மை. ஆனால் காபி இரண்டு முறை வந்தது.

சிகிச்சை என்று பார்த்தால் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளை டப்பாவில் எட்டு லிட்டர் தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கணக்கில் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றியது, தினமும் பாதித் தண்ணீர் மாற்றம், மாற்றும் தண்ணீருக்கும் அதே கணக்கில் உப்பு. உப்பு ஆவியாகாது, ஆகவே வற்றிய அளவுக்கு ஊற்றும்போது வெறும் தண்ணீர். பத்து நாளுக்கு மேல் கூடாது. மார்கழிக் குளிரில் காலையில் 23 டிகிரிக்கு இறங்கிய தண்ணீரை ஒரு சிறிய ஹீட்டர் 27-இல் நிறுத்தியது. தெருக்கோடி பாதாம் மரத்தின் உதிர்ந்த சருகு ஒன்றைக் கழுவிப் போட்டோம். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. அது மருந்தா ஆறுதலா என்று எனக்கு இன்னும் ஐயம்தான், நீலன் அதன் அடியில் போய் ஒளிந்துகொண்டான் என்பது மட்டும் உண்மை.

கொளத்தூர்ப் பெரியவரே, இருபது லிட்டர்த் தொட்டியும் புதிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாங்க வந்தவனிடம், புதியதை விற்காமல் உங்கள் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்து கையில் கொடுத்தீர்கள். “புதியது வேலை பழக ஒரு மாதம் ஆகும். இதில் ஆட்கள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்கள்” என்றீர்கள். அம்மோனியாவைத் தின்னும் அந்த நுண்ணுயிர்கள் குடியிருந்த கறுத்த ஸ்பாஞ்சை என் மனைவி குழாயடியில் பளிச்சென்று கழுவப் போனதையும், நான் பாய்ந்து தடுத்ததையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காசு கேட்டதற்குக் கையை ஆட்டி அனுப்பிவிட்டீர்கள். குமிழி வேகத்தைக் குறைத்து வைக்கச் சொன்னதையும் மறக்கவில்லை. நீரோட்டத்தோடு போராடினால் இவன் மறுபடி வாலைக் கடிப்பான்.

ஒன்பதாம் நாள் மகள் கத்தினாள்: “அப்பா, வாலில் பாலிதீன் ஒட்டியிருக்கிறது!” பஞ்சுபோலப் பூஞ்சை வந்துவிட்டது என்று என் நெஞ்சு அடைத்தது. கல்லூரிக்குத் திரும்பியிருந்த தங்கைக்குப் படம் அனுப்பினேன். “பஞ்சு என்றால் புசுபுசுவென்று வெளியே நிற்கும். இது ஓரத்தோடு ஒட்டி, கண்ணாடிபோல இருக்கிறது. புதுத் துடுப்பு அண்ணா, தொடாதீர்கள்” என்று பதில் வந்தது. அதை மகளுக்கு மூன்று முறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இப்போது பங்குனி. வால் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. பழைய நீலத்துக்கும் புதியதுக்கும் நடுவே ஒரு வெளிறிய கோடு ஓடுகிறது, புதிய பகுதி சற்றுச் சிவப்போடியிருக்கிறது, விளிம்பும் லேசாகச் சுருண்டிருக்கிறது. போன வாரம் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, “ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறது. வேறு கடையில் தைத்திருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கையே, உன் சோதனைப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அம்மோனியாக் குப்பிகள் இரண்டும் தீரும் நிலைக்கு வந்துவிட்டன. தினமும் சோதித்த குற்றம் என்னுடையது. புதிய குப்பிகள் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
நீலன் வீட்டுக்காரன்