முட்சுவின் சிலையைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஜப்பான் வெளியுறவு அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். டோக்கியோவில் உங்கள் அமைச்சக வளாகத்தில் முட்சு முனெமிட்சுவின் வெண்கலச் சிலை நிற்கிறது. வெளிநாட்டுக்காரர் ஜப்பானில் குற்றம் செய்தால் அவர் நாட்டுத் தூதரகமே விசாரிக்கும் என்ற ஏற்பாட்டுக்கு, 1894-இல் பிரிட்டனோடு பேசி முடிவு கட்டிய அமைச்சர் அவர். அந்தப் புதிய ஒப்பந்தம் 1899-இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்பதற்கு நார்மண்டன் என்ற பிரிட்டிஷ் கப்பல் ஒன்று போதும். 1886-இல் அது மூழ்கியபோது கேப்டனும் ஐரோப்பிய மாலுமிகளும் படகேறித் தப்பினார்கள். ஜப்பானியப் பயணிகள் 25 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட இந்தியத் தொழிலாளர்களும் செத்தார்கள். அவர்களை எங்கள் நாட்டிலும் யாரும் நினைப்பதில்லை. கோபேயில் நடந்த பிரிட்டிஷ் தூதரக விசாரணை, கேப்டன்மேல் தப்பில்லை என்றது. ஜப்பானே கொதித்தெழுந்த பிறகு யோகோஹாமாவில் மூன்று மாதச் சிறை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் அரைகுறைச் சமரசத்தை உங்கள் மக்கள் ஏற்கவில்லை. ஜப்பானிய நீதிமன்றங்களில் வெளிநாட்டு நீதிபதிகளை உட்கார வைக்கலாம் என்று ஒப்புக்கொண்ட வெளியுறவு அமைச்சர் இனோவே கவோரு பதவி இழந்தார். அவருக்குப் பின் வந்து கிட்டத்தட்ட அதே வழியில் போன அமைச்சர் ஒகுமா ஷிகெனோபு 1889-இல் வெடிகுண்டு வீச்சில் ஒரு காலையே இழந்தார்.

இவ்வளவும் பட்ட நாடு, 1960-இல் தன் மண்ணில் இருக்கும் அமெரிக்கப் படையினரின் உரிமைகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதன் வாசகம் இன்றுவரை திருத்தப்படவில்லை. 1995-இல் அமெரிக்கத் தளங்கள் உள்ள உங்கள் ஒகினாவா தீவில், மூன்று அமெரிக்கப் படைவீரர்களால் ஒரு சிறுமி வன்கொடுமைக்கு ஆளானபோது, உங்கள் போலீஸ் கையில் பிடிவாரண்ட் இருந்தும், வழக்குப் பதிவாகி நீதிமன்றத்துக்குப் போகும்வரை அமெரிக்கப் படை அந்த மூன்று பேரையும் ஒப்படைக்கவில்லை. 2004-இல் ஒகினாவா சர்வதேசப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர் விழுந்தது. அது ராணுவத் தளம்கூட இல்லை, கல்லூரி வளாகம். அங்கேயே அமெரிக்கப் படை உங்கள் போலீஸை உள்ளே விடவில்லை.

சரி, பலசாலியிடம் பேசுவது கஷ்டம் என்பீர்கள். ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் யார் பலசாலி? கடற்கொள்ளையரைத் தடுக்கப் போன உங்கள் வீரர்களுக்காக 2009-இல் அந்தச் சின்ன நாட்டோடு அரசுமுறைக் குறிப்புகள் பரிமாறி ஒப்பந்தம் செய்தீர்கள். உங்கள் வீரர் அங்கே குற்றம் செய்தால், பணியில் இல்லாத நேரமானாலும், விசாரிக்கும் உரிமை ஜப்பானுக்கே. அமெரிக்காவுக்கு நீங்கள் கொடுத்ததைவிட அதிகமாக ஜிபூட்டியிடம் வாங்கியிருக்கிறீர்கள்!

அதிலும் ஒரு ஓட்டை. வெளிநாட்டில் கவனக்குறைவால் ஒருவர் உயிரைப் பறித்த ஜப்பானியரை உங்கள் தண்டனைச் சட்டம் எட்டுவதில்லை. நாளை ஜிபூட்டி சாலையில் உங்கள் ராணுவ வண்டி மோதி ஒருவர் இறந்தால், அந்தக் குடும்பம் எந்த நீதிமன்றத்தின் படியேறும்?

ஆகவே ஜிபூட்டியில் தொடங்குங்கள். 2009 குறிப்பைத் திருத்தி, பணி நேரத்துக்கு வெளியே நடக்கும் குற்றங்களை அந்நாட்டு நீதிமன்றத்திடமே விடுங்கள். வாஷிங்டனின் சம்மதம் இதற்குத் தேவையில்லை. அப்புறம் குற்றத்தை யார் விசாரிப்பது என்று சொல்லும் 1960 ஒப்பந்தத்தின் 17-வது பிரிவைத் திருத்தச் சொல்லி அமெரிக்காவிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வரலாற்று வாசகர்